சொந்தத்துக்குள் எது கூடாது, ஏன் கூடாது? குடும்பத் தடைகளின் வேரைத் தேடி ஓர் இழை

பாலைமரத்தடி (ஒட்டுசுட்டான்)
ஞாயிறு, இரவு 8.10

எல்லோருக்கும் வணக்கம். கனநாளாக மனதில் கிடக்கும் கேள்வி ஒன்று.

எங்கள் ஊருக்குப் பக்கத்துக் குடியேற்றத்தில் ஒரு கலியாணப் பேச்சு நடந்தது. பெண், பெடியனுடைய மூத்த அக்காவின் மகள். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பம் அது. அவர்களுக்கு இது பாட்டன் காலத்து உரிமை. தாய்மாமனைக் கேட்காமல் வெளியில் கொடுத்தால்தான் சண்டை வரும். எங்கள் ஆட்கள் கேள்விப்பட்டதும் முகத்தைச் சுளித்தார்கள். "மாமன் எண்டால் தகப்பனுக்குச் சமன் எல்லோ" என்று என் பெரியம்மா நாள் முழுக்கப் புலம்பினார். கடைசியில் சட்டமும் இடம் தராது என்று தெரியவந்து பேச்சு நின்றுபோனது.

இரண்டு பக்கமும் தமிழர், இரண்டு பக்கமும் சைவம், ஒரே குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறவர்கள். அப்படியென்றால் எங்கள் ஆட்களின் வாயில் வந்த அந்த "சீ" எங்கிருந்து வந்தது? உடம்போடு பிறந்ததா, புராணம் தந்ததா, பெரியவர்கள் வகுத்ததா?

நான் கலியாணத்தை மட்டும் கேட்கவில்லை. புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது, மாமி மருமகனுக்கு முன்னால் இருக்கக்கூடாது, துடக்கோடு படலை தாண்டக்கூடாது, விதவை நல்ல காரியத்தில் முன்னுக்கு வரக்கூடாது. எல்லாவற்றையும் நாங்கள் ஒரே "கூடாது" என்ற சொல்லால் சொல்லிவிடுகிறோம். இவை எல்லாம் ஒரே வேரில் முளைத்தவை இல்லை என்பது என் எண்ணம். தெரிந்தவர்கள் எழுதுங்கள்.


கனகராயன் கரை (வவுனியா வடக்கு)
ஞாயிறு, இரவு 9.25

தம்பி, உளவியல் படிப்பித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1891 இல் பின்லாந்துக்காரரான வெஸ்டர்மார்க் ஒரு கருத்தை வைத்தார். சின்ன வயதிலிருந்து ஒரே வீட்டில், ஒரே பாயில் வளரும் பிள்ளைகளுக்கு வளர்ந்த பிறகு ஒருவர்மேல் ஒருவருக்குக் காம நாட்டமே வராது என்றார். இரத்த உறவு என்பதை உடம்பு அறியாது. கூட வளர்ந்ததைத்தான் அறியும்.

இதற்கு மானிடவியலாளர் ஜேம்ஸ் பிரேசர் மறுப்புச் சொன்னார். நெருப்பில் கை வைக்காதே என்று எந்த நாட்டிலும் சட்டம் இல்லை, இயற்கையே தடுக்கிற ஒன்றுக்கு எதற்குச் சட்டம் என்று கேட்டார். 1913 இல் உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய பிராய்ட் அதையே பிடித்துக்கொண்டார். ஆசை இருக்கிறது, அதை அமுக்கி வைத்திருக்கிறோம், அமுக்கிய இடத்தில்தான் தடை நிற்கிறது என்பது அவருடைய வாதம். மாமியும் மருமகனும் ஒதுங்கி நடக்கும் வழக்கத்தைக்கூட அவர் அப்படித்தான் விளக்கினார்.

யார் சரி? வாதத்தால் இதற்கு முடிவு வரவில்லை. இரண்டு ஊர்களின் வாழ்க்கைதான் வெளிச்சம் தந்தது. தாய்வானில் முன்பு பெண் குழந்தையைக் கைக்குழந்தையாகவே எடுத்து, வருங்கால மாப்பிள்ளையோடு சேர்த்து வளர்த்துக் கட்டிவைப்பார்கள். ஆர்தர் வுல்ப் அந்தப் பதிவுகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அப்படிக் கட்டியவர்களுக்குப் பிள்ளைகள் குறைவு, பிரிவுகள் கூட. இஸ்ரேலின் கிபுட்ஸ் பண்ணைகளில் பிள்ளைகளை ஒரே கூடத்தில் கூட்டமாக வளர்த்தார்கள். அங்கே ஜோசப் ஷெபர் 1971 இல் 2769 திருமணங்களைப் பார்த்தார். ஒரே கூட்டத்தில் முதல் ஆறு வயதும் விடாமல் சேர்ந்து வளர்ந்த இருவர் கட்டியதாக ஒன்றுகூட இல்லை. அவர்களை யாரும் தடுக்கவில்லை. பெற்றோருக்கு விருப்பம்கூட இருந்தது.

இதைப் படித்த பிறகு நான் வெஸ்டர்மார்க் பக்கம்தான். ஆனால் அது அண்ணன் தங்கைக்குப் போதும். தம்பி கேட்ட மற்றதுகளுக்குப் போதாது.


முத்தையன்கட்டு மயூ
ஞாயிறு, இரவு 9.41

சேர், இவ்வளவு தேவையா? சொந்தத்துக்குள் கட்டினால் பிள்ளை குறையோடு பிறக்கும். பழைய ஆட்கள் அதைக் கண்டு தடை போட்டார்கள். அவ்வளவுதானே?


வெள்ளைச்சீருடை (கிளிநொச்சி)
ஞாயிறு, இரவு 10.30

மயூ தம்பி, கவலை நியாயமானது. ஆனால் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள்.

மாமன் மகளோடும் சித்தி மகளோடும் உங்களுக்கு மரபணுவில் ஒரே அளவு பங்குதான் பொது, எட்டில் ஒன்று. எங்கள் முறையில் முதலாமவர் மச்சாள், கட்டலாம். இரண்டாமவர் தங்கச்சி, நினைத்தாலே பாவம். பழைய ஆட்கள் நோயைக் கண்டுதான் தடை போட்டார்கள் என்றால் இரண்டையும் அல்லவா தடுத்திருக்க வேண்டும்? தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் நாலில் ஒன்று. அதைத் தமிழ்நாட்டில் பல சாதிகள் உரிமை என்றே வைத்திருந்தன.

எல்லாப் பெற்றோருக்கும் பிறக்கும் பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்குப் பெரிய குறைபாடு இருக்கும். மச்சான் மச்சாள் கட்டினால் அதற்கு மேல் இன்னும் இரண்டு மூன்று பேர் கூடலாம். கிளினிக்கில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு தாய் அழும்போது அது சின்னக் கணக்கு இல்லை. ஆகவே சொந்தத்துக்குள் பேசுகிறவர்கள் முதலில் தலசீமியா என்ற பரம்பரை இரத்தநோய்க்கான பரிசோதனை செய்யுங்கள். இதை நான் வேண்டிக் கேட்கிறேன். ஆனால் முறை என்ற ஏற்பாடு இந்தக் கணக்கிலிருந்து வந்தது இல்லை.


தருமபுரம் செல்வம்
திங்கள், காலை 6.15

வேலைக்குப் போக முதல் எழுதுகிறேன். எங்கள் அம்மாவும் அப்பாவும் மாமன், மருமகள் முறைதான். ஒட்டுசுட்டான் அண்ணே மரியாதையாகக் கேட்டதால் மரியாதையாகச் சொல்கிறேன்.

மலையகத் தோட்டத்தில் தொழிலாளர் இருந்த லயன் அறை என்பது பத்தடி அறையும் முன்னால் ஒரு சின்ன விறாந்தையும். பெண்ணை வேறு தோட்டத்தில் கொடுத்தால் அவள் எப்படி இருக்கிறாள் என்று பார்க்க ஒரு நாள் சம்பளத்தை விட வேண்டும். அம்மாவின் தம்பிக்குக் கொடுத்தால் மாமியார் சொந்த அம்மாயி. அடித்தால் கேட்க ஆள் உண்டு. அந்தக் காலத்தில் அது பெண்ணுக்கு ஒரு காவல்.

எங்களுக்குத் தடையே இல்லை என்று நினைக்காதீர்கள். பெரியம்மா மகள், சித்தப்பா மகள் எல்லாம் கூடப்பிறந்தவர்கள்தான். அக்கா மகளைக் கட்டலாம். அண்ணன் மகளைக் கட்டுவது என்று பேச்செடுத்தால் லயனை விட்டே விரட்டுவார்கள்.

சேர் சொன்னதற்கு ஒத்துப்போகும் ஒன்று எங்கள் வீட்டிலேயே உண்டு. என் அப்பா வேறு தோட்டத்தில் பெரியவராகி வந்தவர். அம்மா அவரைக் கட்டினார். என் சித்திக்கும் ஒரு மாமா இருந்தார். அவர் சித்தியை இடுப்பில் வைத்துச் சோறூட்டி வளர்த்தவர். கலியாணப் பேச்சு வந்ததும் சித்தி இரண்டு நாள் சாப்பிடவில்லை. "அவரைப் பார்த்தால் எனக்கு அப்பா நினைப்புத்தான் வருது" என்றாராம். முறை இருந்தும் கட்டவில்லை.

இப்போது எங்கள் பிள்ளைகள் சட்டப்படிதான் நடக்கிறார்கள். 1907 ஆம் ஆண்டு விவாகப் பதிவுச் சட்டத்திலேயே சகோதரியின் மகளைக் கட்டினால் செல்லாது என்று இருக்கிறது. அது சரி. ஆனால் எங்கள் தாய்தகப்பனை நினைத்து முகம் சுளிக்காதீர்கள். வன்னிக்கு வந்து நாற்பது ஐம்பது வருடமாகியும் அந்தச் சுளிப்பைத்தான் பார்க்கிறோம்.


பாலைமரத்தடி (ஒட்டுசுட்டான்)
திங்கள், காலை 7.02

செல்வம் தம்பி, இதை எழுதியதற்கு நன்றி. பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சித்தியின் கதையை இன்னொருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.


வாய்க்கால் வரம்பு (முத்தையன்கட்டு)
திங்கள், பின்னேரம் 5.50

நான் கமக்காரன். இருந்தாலும் இந்தத் துறையில் கிடைத்ததை எல்லாம் வாசிப்பேன்.

பிரெஞ்சு மானிடவியலாளர் லெவி-ஸ்ட்ராஸ் 1949 இல் சொன்னது எனக்குப் பிடித்த விளக்கம். தங்கச்சியைக் கட்டாதே என்பது தடை மாதிரித் தெரிந்தாலும் அடியில் கிடப்பது ஒரு கட்டளை: வெளியில் கொடு, வெளியிலிருந்து எடு. அவர் அதற்கு மார்கரெட் மீட் நியூகினியாவில் அரபெஷ் மக்களிடம் கேட்டதை எடுத்துக் காட்டுகிறார். சொந்தத் தங்கச்சியைக் கட்டினால் என்ன என்று கேட்டதற்கு அங்கத்தைய பெரியவர்கள் பாவம், இரத்தம் என்று எதுவும் சொல்லவில்லை. "உனக்கு என்ன வந்தது, மச்சான் வேண்டாமா? யாரோடு வேட்டைக்குப் போவாய்? யாரோடு தோட்டம் செய்வாய்? யார் வீட்டுக்குப் போய் வருவாய்?" என்ற மாதிரிக் கேட்டார்களாம்.

இதை வன்னிக்காரனுக்கு விளக்க வேண்டியதில்லை. என் அப்பு தேனெடுக்கக் காட்டுக்குள் இறங்கும்போது கூடப்பிறந்த தம்பியைக் கூப்பிட மாட்டார். மச்சானைத்தான் கூப்பிடுவார். தம்பியோடு காணிப் பங்கு, வேலிப் பிரச்சினை எல்லாம் உண்டு. மச்சானோடு பகிடியும் நம்பிக்கையும்தான். யானை நிற்கிற இடத்தில் முன்னுக்கு நடக்கிறவன் மச்சான், பின்னுக்குப் பந்தம் பிடிக்கிறவன் அப்பு. ஒருவன் மரத்தில் ஏறினால் மற்றவன் கயிற்றை விடமாட்டான், ஏனென்றால் மேலே நிற்பவன் தங்கச்சியின் புருஷன். சூடடிப்புக்கு ஆள் வேண்டும் என்றாலும் முதலில் சொல்லி அனுப்புவது பெண் கொடுத்த வீட்டுக்கும் எடுத்த வீட்டுக்கும்தான்.

இன்னொன்று. ராட்கிளிப்-பிரவுன் என்ற மானிடவியலாளர் பகிடி உறவு, ஒதுங்கும் உறவு என்று இரண்டைப் பற்றி 1940 இல் எழுதினார். சண்டை வந்தால் குடும்பமே உடைந்துபோகும் என்ற இடத்தில் ஆட்கள் ஒன்றில் பகிடி விடுவார்கள், அல்லது ஒதுங்கி நிற்பார்கள் என்கிறார். மச்சானோடு பகிடி, மாமியோடு ஒதுக்கம். எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் சீதனமாக மகளுக்குப் போகும். 1707 இல் ஒல்லாந்தர் காலத்தில் இசாக்ஸ் எழுதிவைத்த தேசவழமை என்ற யாழ்ப்பாணத் தமிழர் வழக்கச் சட்டத்திலேயே சீதனம் பற்றி விரிவாக இருக்கிறது. அதனால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருக்கிறான். மாமிக்கும் மருமகனுக்கும் ஒரே கிணறு, ஒரே அடுப்பு. அங்கேதான் ஒதுக்கம் இறுக்கமாக இருக்கிறது. பிராய்ட் சொன்ன ஆசையை விட இந்த ஒரே கிணறுதான் எனக்குக் காரணமாகப் படுகிறது. வீட்டின் அமைப்பு மாறினால் இந்தத் தடையும் தானாகத் தளரும் என்றே நினைக்கிறேன். தளர்ந்தும் விட்டது. என் மாமியும் நானும் ஒன்றாக இருந்துதான் செய்தி பார்க்கிறோம்.


நீராவிப்பிட்டியான் (முல்லைத்தீவு)
திங்கள், இரவு 8.20

அஸ்ஸலாமு அலைக்கும். மார்க்கப்படி எங்களுக்குச் சாச்சி மகளும் ஆகும், மாமி மகளும் ஆகும். குர்ஆன் நாலாவது சூராவில் யார் யாரைக் கட்டக்கூடாது என்று வரிசையாக இருக்கிறது, அதில் இவர்கள் இல்லை. ஆனாலும் எங்கள் குடும்பத்தில் சாச்சி மகளைக் கட்டினவர் என்று நான் ஒருவரையும் அறியேன். தங்கச்சி என்று கூப்பிட்டு வளர்ந்தவளை எப்படிக் கட்டுவது என்பார்கள். மார்க்கம் திறந்துவிட்ட கதவை ஊர்வழக்கம் சாத்தி வைத்திருக்கிறது.

மறுபக்கத்தில், ஒரே தாயிடம் பால் குடித்தவர்கள் இரத்த உறவே இல்லாவிட்டாலும் கட்ட முடியாது. பால்குடிச் சகோதரம். 1990 இல் வெளியேற்றப்பட்டு முகாமில் இருந்தபோது என் உம்மா பக்கத்துக் குடும்பத்துப் பிள்ளைக்குப் பால் கொடுத்தார். அந்தப் பிள்ளை இன்றைக்கும் எங்கள் நாநா. அவருடைய பிள்ளைகளுக்கு நான் சாச்சா.


மடுவீதி மரியான்
திங்கள், இரவு 9.05

கத்தோலிக்கருக்கு மச்சான் மச்சாளும் தடைதான். 1215 இல் நாலாம் லாத்தரன் சங்கம் ஏழு தலைமுறைத் தடையை நாலாகக் குறைத்தது. இப்போதைய 1983 திருச்சபைச் சட்டத்திலும் பெற்றோரின் சகோதரங்களின் பிள்ளைகளைக் கட்ட விலக்கு வாங்க வேண்டும். திருச்சபைக்கு மாமன் மகளும் ஒன்றுதான், சித்தி மகளும் ஒன்றுதான். ஆனால் எங்கள் பங்கில் மாமன் மகளுக்கு விலக்குக் கேட்டுப் போகிறவர்கள் உண்டு. சித்தி மகளுக்குக் கேட்டுப் போனதாக நான் கேள்விப்படவில்லை.


தோரணவாயில் (வற்றாப்பளை)
செவ்வாய், முற்பகல் 10.40

புராணப் பக்கத்தை யாரும் தொடவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கோயிலில் கந்தபுராணப் படிப்புக் கேட்டு வளர்ந்தவள் நான்.

எங்கள் கதைகள் முறை தவறாமல் நடக்கின்றன. வள்ளியும் தெய்வயானையும் முற்பிறப்பில் திருமாலின் புத்திரிகள். திருமால் உமையம்மைக்கு அண்ணன். ஆக முருகன் கட்டியது இரண்டும் தாய்மாமன் பெண்கள்தான். அருச்சுனனும் சுபத்திரையும் அப்படித்தான், குந்தி சுபத்திரைக்கு அத்தை. வட இந்தியாவில் இது ஒட்டாது. போதாயன தர்ம சூத்திரம் தெற்கத்தியாரின் தனி வழக்கங்களை எண்ணும்போது மாமன் மகளைக் கட்டுவதையும் அத்தை மகளைக் கட்டுவதையும் சேர்க்கிறது. ஆகச் சாமிகூட அந்தந்த ஊர் முறையைப் பார்த்துத்தான் பெண் எடுக்கிறது. கதையிலிருந்து தடை வரவில்லை, தடையைத் தெரிந்தவர்கள்தான் கதையைச் சொல்லியிருக்கிறார்கள்.

சரி, முறை மீறும் கதைகள்? இருக்கின்றன. மகாவம்சத்தில் சிங்கபாகு தன் தங்கை சிங்கசீவலியை அரசியாக்குகிறான், விசயன் பிறக்கிறான். விசயனுக்கும் குவேனிக்கும் பிறந்த அண்ணனும் தங்கையும் காட்டுக்குள் போய்ச் சேர்ந்து வாழ்கிறார்கள். எகிப்தில் ஓசிரிசும் இசிசும் அண்ணன் தங்கை. வேறு ஆளே இல்லாத ஆதியில் மட்டும் இப்படி நடந்தது என்று சொல்லி, பிறகு வந்தவர்களுக்குக் கதவை அடைக்கிற கதைகள் இவை. இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் யமி தன் அண்ணன் யமனைக் கேட்கிறாள். அவன் மறுக்கிறான். தேவர்களின் ஒற்றர்கள் கண் இமைப்பதில்லை என்கிறான். ஆதி இரட்டையர்களிலேயே ஒருவர் மறுத்ததாகச் சொல்லும் கதை அது, அதனால் எனக்கு அதில் தனி மதிப்பு.

பிராய்ட் எடுத்துக் காட்டும் கிரேக்கக் கதையில் ஈடிபசு தகப்பனைக் கொல்கிறான். எங்கள் பிள்ளையார் கதையில் தாய் குளிக்கும் வாசலில் காவல் நின்ற பிள்ளையின் தலையைத் தகப்பன் வெட்டுகிறார். இந்தியக் கதைகளில் வெட்டு மேலிருந்து கீழேதான் வருகிறது என்று ஏ. கே. இராமானுசன் எடுத்துக் காட்டியிருக்கிறார். பெரியவர்கள் விடாமல் பிடித்திருக்கும் அதிகாரத்தைத்தான் இந்தக் கதை காட்டுகிறது. எங்கள் வீடுகளில் நடப்பதும் அதுதான்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. எங்கள் கோயிலில் வைகாசி விசாகத்துக்குக் கடல்நீரில் விளக்கெரிகிறது. ஊரே கூடிப் பொங்குகிறது. யாருக்கு? புருஷனை இழந்து, சிலம்போடு அரசன் முன்னால் போய் நின்று நியாயம் கேட்ட ஒருத்திக்கு. அவள் வீட்டுக்குள் மூலையில் இருக்கவில்லை. கூந்தலை விரித்துக்கொண்டு தெருவில் நடந்தாள். அவளைத் தெய்வம் என்று விழுந்து கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, புருஷனை இழந்த தங்கச்சியைப் பார்த்து "நீ முன்னுக்கு வராதே" என்கிறோம். 2009 க்குப் பிறகு எத்தனை ஆயிரம் வீட்டில் இது நடந்தது! இந்தத் தடை உடம்பிலிருந்து வரவில்லை, கண்ணகி கதையிலிருந்தும் வரவில்லை. இது வாய் திறக்காத ஆட்களின் தலையில் ஏற்றிய சுமை. பெட்டை நாய்க்குக்கூட இப்படி ஒரு விதி கிடையாது.


வெட்டை வெளி (செட்டிகுளத்திலிருந்து மீண்டவள்)
செவ்வாய், இரவு 7.30

இவ்வளவு நாளும் வாசிக்க மட்டும் செய்தேன். இன்றைக்கு எழுதுகிறேன்.

2009 இல் மெனிக் பாம் முகாமில் ஏறத்தாழ இரண்டேகால் லட்சம் பேர் இருந்தோம். எங்களுக்குக் கிடைத்த தறப்பாள் கொட்டிலில் நாங்கள், மாமா மாமி, இன்னொரு ஊர்க் குடும்பம். நடுவில் என் கூறைச்சேலையைக் கட்டி மறைத்தோம். அந்தச் சேலைக்கு இந்தப் பக்கம் மருமகள், அந்தப் பக்கம் மாமனார். நிமிர்ந்தால் தலை இடிக்கும் இடத்தில் ஒதுங்கி நிற்பது எப்படி? மாமா விடியப் புறம் எழும்பி வெளியில் போய்விடுவார், நான் உடுப்பு மாற்றி முடிக்கும்வரை வரமாட்டார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. துடக்கு என்று ஒதுங்கவும் இடமில்லை. தண்ணீர் வரிசையில் துடக்குக்காரியும் நின்றாள், சுத்தக்காரியும் நின்றாள். சாமி ஒன்றும் செய்யவில்லை.

என் புருஷன் பெயரை நான் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. "இஞ்சருங்கோ" தான். என் அம்மாவும் அப்படித்தான். புருஷன் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்பார். என் புருஷன் காணாமல் போன பிறகு பதிவு செய்யப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் "கணவர் பெயர்?" என்றார். நான் கடதாசியில் எழுதி நீட்டினேன். வாயால் சொல்லச் சொன்னார். என் மகள், அப்போது ஏழு வயது, எனக்காகச் சொன்னாள். பிறகு ஒவ்வொரு விசாரணைக்கும் ஒவ்வொரு மேசை. 2017 மாசியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தாய்மார் போராட்டம் தொடங்கியபோது நானும் போய் இருந்தேன். அங்கே ஒலிவாங்கியில் அவருடைய முழுப்பெயரையும் சொன்னேன். தகப்பன் பெயர், ஊர், கடைசியாகக் கண்ட இடம், எல்லாம் சொன்னேன். சொல்லாமல் காத்த ஆயுள் எங்கே என்று கேட்கத்தான் வேண்டும்.

பொட்டு வைக்கவா, தாலியைக் கழற்றவா என்று இன்றைக்கும் ஆட்கள் கேட்கிறார்கள். செத்தவீடு நடக்காத ஒருத்திக்கு எந்த விதியும் எழுதி வைக்கப்படவில்லை. நான் வைத்திருக்கிறேன். அது என் முடிவு.


கனகராயன் கரை (வவுனியா வடக்கு)
செவ்வாய், இரவு 8.15

பிள்ளை, நீங்கள் எழுதியதற்குப் பதிலாக எதையும் மேற்கோள் காட்ட எனக்கு மனம் வரவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். மாமா விடியப் புறம் வெளியில் போனாரே, அந்த ஒதுக்கம் சுவரில்லாமலும் நின்றது. துடக்கு நிற்கவில்லை. பெயர் சொல்லாத வழக்கமும் நிற்கவில்லை. எதற்கு எவ்வளவு ஆழம் என்று அந்தத் தறப்பாளுக்குள் தெரிந்திருக்கிறது.


வெள்ளைச்சீருடை (கிளிநொச்சி)
செவ்வாய், இரவு 10.10

எல்லா வீட்டிலும் அந்த மாமாவைப் போல ஆட்கள் இல்லை. நான் வேலை செய்கிற இடத்தில் பார்த்ததைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சு முழுமையாகாது.

வெஸ்டர்மார்க் சொன்ன வெறுப்பு கூட வளர்ந்தால்தான் வரும், பிள்ளையைச் சின்னதிலிருந்து தூக்கிக் கழுவி வளர்த்தால்தான் வரும். பிள்ளைக்குப் பத்து வயதாகும்போது வீட்டுக்குள் வருகிற ஆளுக்கு அது இல்லாமல் போகலாம். அதற்காக எல்லாச் சிறிய தகப்பன்மாரையும் சந்தேகப்படச் சொல்லவில்லை, நல்லவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் "சொந்தம்தானே" என்று கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள்.

எங்கள் குடும்பங்களில் மிக இறுக்கமான தடை எது தெரியுமா? வெளியில் சொல்லக்கூடாது என்பதுதான். தப்புச் செய்வதற்குத் தடை இருந்தும் நடக்கிறது. சொல்வதற்கு இருக்கும் தடைதான் அதைக் காப்பாற்றுகிறது. பிள்ளை சொன்னாலும் பாட்டி வாயைப் பொத்துகிறார், குடும்ப மானம் என்கிறார். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் 1995 இல் 364அ என்று தகாப்புணர்ச்சிக்கே தனிப் பிரிவு சேர்த்தார்கள். பிள்ளைகளுக்கான உதவி இலக்கம் 1929. எந்த நேரமும் எடுக்கலாம், தமிழிலும் பேசலாம். இந்த ஒரு இலக்கத்தைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள்.


தண்ணீரூற்றான்
புதன், காலை 11.00

வாசித்துக்கொண்டு வந்தபோது எனக்கு வேறு ஒரு பயம் வந்தது. கூட வளர்ந்தால்தான் உடம்பு அறியும் என்றால், கடைசிச் சண்டையில் பிரிந்து வெவ்வேறு இல்லங்களிலும் வெவ்வேறு சொந்தக்காரர் வீடுகளிலும் வளர்ந்த சகோதரங்கள்? ஒருவரை ஒருவர் தெரியாமலே சந்தித்தால் உடம்பு எச்சரிக்காதே. எங்கள் பக்கத்துக் கண்ணகி கதையில் அவள் பாண்டியன் மகளாகப் பிறந்து, பேழையில் வைத்துத் தண்ணீரில் விடப்பட்டு, வணிகர் வீட்டில் வளர்கிறாள். கடைசியில் தகப்பன் ஊரை எரிக்கிறாள், தகப்பன் என்று தெரியாமல். இப்படிப்பட்ட கதைகளை முன்னோர் சும்மா சொல்லவில்லை.

கலியாணம் பேசும்போது கிழவிகள் "எந்த ஊர், ஆற்றை ஆட்கள், பேத்தியார் எங்கை பிறந்தவ" என்று துளைத்துத் துளைத்துக் கேட்பார்கள். அது சாதி பார்க்கத்தான் என்று இளையவர்கள் சினக்கிறார்கள். சாதி பார்ப்பதும் அதில் கிடக்கிறது, அதை நான் மறைக்கவில்லை, அது ஒழிய வேண்டும். ஆனால் உறவு தெரிந்து வைத்திருக்கிற அந்தக் கிழவிகள் போய்விட்டால் முறை எங்கே இருக்கும்? புத்தகத்தில் இல்லை. ஆகவே உயிரோடு இருக்கும்போதே எழுதி வையுங்கள். பெயர், பிறந்த ஊர், தாயின் ஊர், பிரிந்த பிள்ளைகளின் பெயர், கடைசியாக நின்ற இடம். ஒரு கொப்பி போதும்.


பாலைமரத்தடி (ஒட்டுசுட்டான்)
புதன், பகல் 1.20

தண்ணீரூற்று அண்ணை சொன்னதை இன்றைக்கே தொடங்கப் போகிறேன். பெரியம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, ஆனால் ஐந்து தலைமுறை சொல்வார்.

நான் கேட்டதற்கு எனக்கு விடை கிடைத்திருக்கிறது. கூட வளர்ந்த உடம்பு தானாக விலகுவது ஒன்று. மச்சானைத் தேடித் தருகிற முறை இன்னொன்று, அது ஊருக்கு ஊர் மாறும், அதனால் செல்வத்தின் வீட்டைப் பார்த்து முகம் சுளிக்க எனக்கு உரிமையில்லை. துடக்கும், பெயர் சொல்லாமையும், விதவையைப் பின்னுக்கு நிறுத்துவதும் இந்த இரண்டிலும் சேராது. முதல் இரண்டையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பேன். மூன்றாவதை என் வீட்டில் இனி யாரும் பேச விடமாட்டேன்.


வெட்டை வெளி
புதன், இரவு 8.45

அப்படியென்றால் ஒன்று கேட்கிறேன். என் சின்னவள் பெரியபிள்ளையாகிவிட்டாள். அடுத்த மாதம் சாமத்தியவீடு. பால் அறுகு வைக்கவும் ஆலாத்தி எடுக்கவும் என் நாத்தனார் நிற்கட்டும், நான் குசினிப் பக்கம் பார்த்துக்கொள்ளட்டும் என்று இரு பக்கத்தாரும் முடிவெடுத்திருக்கிறார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. பிள்ளை மட்டும் "நீங்கள் வைக்காவிட்டால் நான் மணவறையில் இருக்கமாட்டேன்" என்கிறாள். நான் என்ன செய்வது?


தோரணவாயில் (வற்றாப்பளை)
புதன், இரவு 8.58

முதல் அறுகு நீங்கள் வையுங்கள். நான் வந்து உங்களுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். திகதியைத் தனிச்செய்தியில் போடுங்கள்.


தருமபுரம் செல்வம்
புதன், இரவு 9.10

அக்கா, பிள்ளைக்குத் தாய்மாமன் இருக்கிறாரா? எங்கள் பக்கத்திலும் உங்கள் பக்கத்திலும் இந்தச் சடங்கில் தாய்மாமன் சொல்லுக்கு மேல் சொல் கிடையாது. தண்ணீர் வார்க்கிறவர் அவர். "என் அக்கா வைக்கட்டும்" என்று அவர் சபையில் ஒரு வார்த்தை சொன்னால் ஒருவரும் மறுக்க முடியாது.


கனகராயன் கரை (வவுனியா வடக்கு)
புதன், இரவு 9.30

ஐயரிடமும் முதலே கதைத்து வையுங்கள். அன்றைக்கு அந்த இடத்தில் வாக்குவாதம் வந்தால் பிள்ளையின் முகம்தான் வாடும்.


வெட்டை வெளி
புதன், இரவு 10.05

தம்பி இருக்கிறான், வெள்ளிக்கிழமை வவுனியாவிலிருந்து வருகிறான். முதலில் அவனிடம் கதைக்கிறேன். அழைப்பிதழ் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. அழைப்பவர் இடத்தில் என் புருஷன் பெயரையும் என் பெயரையும் சேர்த்துப் போடச் சொல்லப்போகிறேன்.